பெயிண்ட் அடிச்சாச்சு, பட்டியல் எங்கே?

பைலட்டுகள் வேலைநிறுத்தம் என்று செய்தி வந்தால் போதும், நம்ம மக்களுக்கு உள்ளுக்குள் ஒரு குஷி. "மாசம் லட்சக்கணக்குல வாங்குறானுங்க, இன்னும் என்ன வேணுமாம்?" டீக்கடையில் ஆரம்பித்து, கும்மிடிப்பூண்டி லோக்கலில் சீட்டாடிக்கொண்டு வரும் அண்ணன்கள் வரை ஒரே தீர்ப்புதான். 2024 ஏப்ரலில் விஸ்தாரா விமானங்கள் வரிசையாக ரத்தானபோது எங்கள் வகுப்பிலும் இதே தீர்ப்பு. ஒருத்தன் "எல்லாரையும் தூக்கிட்டு வேற ஆள் போடணும்டா" என்றான். விமானத்தில் ஒரு தடவைகூட ஏறாதவன் அவன். (நானும்தான். அதை விடுங்க.)

அந்தத் தீர்ப்பு தப்பு என்பது என் கட்சி. பைலட்டுகள் எல்லாம் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை, அவர்களுக்கும் கீழே கச்சேரி இருக்கிறது. ஆனால் இரண்டு விமான கம்பெனிகள் ஒன்றாகும்போது வெடிக்கிற சண்டைக்குப் பெயர் திமிர் இல்லை. அதைப் புரிந்துகொள்ள முதலில் ஒரு நம்பரைப் பற்றித் தெரிய வேண்டும்.

ஒவ்வொரு பைலட்டுக்கும் அவருடைய கம்பெனியில் ஒரு வரிசை எண் இருக்கும். சீனியாரிட்டி லிஸ்ட் என்பார்கள். யார் முதலில் கேப்டன் ஆவது, உள்நாட்டு சின்ன விமானத்திலிருந்து லண்டன், நியூயார்க் போகும் பெரிய விமானத்துக்கு யார் மாறுவது, ஆட்குறைப்பு வந்தால் முதலில் வீட்டுக்குப் போவது யார் என்று பெரும்பாலான இடங்களில் இந்த எண்தான் முடிவு செய்யும். ஏ320 ஓட்டுகிறவர் நாளைக்கே போய் போயிங் 787-இல் உட்கார முடியாது. அதற்குத் தனிப் பயிற்சி, சிமுலேட்டர், லைசென்ஸில் தனிப் பதிவு எல்லாம் வேண்டும். ஆக யாரைப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள் என்பதிலேயே யாருக்குப் பதவி என்பது முடிந்துவிடுகிறது.

பிடிக்கவில்லை என்றால் வேறு கம்பெனிக்குப் போகட்டுமே? போகலாம். ஆனால் அங்கே பட்டியலில் கடைசி ஆள். 15 வருஷம் நின்ற க்யூவை விட்டுவிட்டு இன்னொரு க்யூவின் வாலில் போய் நிற்பது மாதிரி. அதுவும் நினைத்த நேரத்தில் போக முடியாது. 2017-இல் டிஜிசிஏ போட்ட விதிப்படி கேப்டன் என்றால் ஒரு வருஷ நோட்டீஸ், துணை விமானி என்றால் 6 மாதம். பைலட் ஆவதற்கான செலவோ அரைக் கோடியைத் தாண்டும், பாதிப் பேருக்கு அது வங்கிக் கடன். நம்ம ஊர் பி.இ. மாதிரி "கம்பெனி பிடிக்கல, பேப்பர் போட்டுட்டேன்" கதை அங்கே நடக்காது.

இப்போது 2007-க்கு வருவோம். வெளிநாட்டுக்குப் பறந்த ஏர் இந்தியாவையும் உள்நாட்டில் பறந்த இந்தியன் ஏர்லைன்ஸையும் மத்திய அரசு ஒன்றாக்கியது. நேஷனல் ஏவியேஷன் கம்பெனி என்று புதுப் பெயர், புது லோகோ, பெரிய விழா. ஏர் இந்தியா 68 போயிங்குக்கும் இந்தியன் ஏர்லைன்ஸ் 43 ஏர்பஸ்ஸுக்கும் ஆர்டர் கொடுத்து முடித்திருந்த நேரம் அது. கடன் எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட ஆள் இருந்தது. இரண்டு வரிசைகளை எப்படி ஒரே வரிசையாக்குவது என்பதை மட்டும் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டார்கள்.

அந்த அப்புறம் 2011-இல் வந்தது. பழைய இந்தியன் ஏர்லைன்ஸ் பைலட்டுகளின் சங்கம் ஏப்ரல் கடைசியில் இறங்கி 10 நாள் வேலைநிறுத்தம் செய்தது. ஒரே கம்பெனி, ஒரே சீருடை, ஆனால் இரண்டு வித சம்பளம் ஏன் என்று கேட்டார்கள். நிர்வாகக் குளறுபடிகளை விசாரிக்கவும் சொன்னார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் வேலைக்குத் திரும்பச் சொல்லியும் திரும்பவில்லை. சங்கத்தின் அங்கீகாரத்தை நிர்வாகம் ரத்து செய்தது. இதெல்லாம் நடந்த பிறகுதான் ஊழியர்களை எப்படி ஒருங்கிணைப்பது என்று பார்க்க நீதிபதி தர்மாதிகாரி தலைமையில் ஒரு குழு போட்டார்கள். கல்யாணம் 2007-இல், ஜாதகம் பார்க்க ஆள் அனுப்பியது 2011-இல்! குழு அறிக்கை கொடுத்தது 2012 ஜனவரியில்.

அடுத்த சில மாதங்களில் எதிர்த் தரப்பு இறங்கியது. 787 ட்ரீம்லைனர்கள் வரப்போகின்றன, அதில் இரண்டு பக்கத்து பைலட்டுகளுக்கும் பயிற்சி என்று நிர்வாகம் சொன்னது. பழைய ஏர் இந்தியா பைலட்டுகளின் கில்டு கொதித்துவிட்டது. "நாங்கள் ஆர்டர் செய்த விமானம். அந்தப் பக்கத்தில் கேப்டன் பதவி சீக்கிரம் கிடைத்துவிடும், எங்களுக்கு வருஷக்கணக்கில் காத்திருப்பு. இப்போது அவர்கள் வந்து எங்களுக்கு மேலே உட்கார்ந்தால் நாங்கள் கேப்டன் ஆவது எப்போது?" என்பது அவர்கள் வாதம். 2012 மே மாதம் கூட்டமாக உடம்பு சரியில்லை என்று லீவு போட்டு ஆரம்பித்தது 58 நாள் ஓடியது. 101 பேர் டிஸ்மிஸ். ஜூலை 3-இல்தான் முடிவுக்கு வந்தது. அவ்வளவு ரகளைக்கும் காரணமான முதல் ட்ரீம்லைனர் செப்டம்பரில்தான் டெல்லி வந்து இறங்கியது. அதாவது வராத விமானத்தின் சீட்டுக்குத்தான் அந்த 58 நாள்.

இங்கே பைலட்டுகளையும் கொஞ்சம் திட்ட வேண்டும். "எங்கள் விமானம்" என்றார்களே, அது அரசு உத்தரவாதத்தில் கடன் வாங்கி வாங்கியது. பில் நமக்கு. கோடை விடுமுறையில் டிக்கெட் எடுத்துவிட்டுக் குழந்தைகளோடு விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி இரண்டு சங்கங்களும் பெரிதாகக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிப் போராடுவதும் எனக்குப் பிடிக்காத வேலை. போராடினால் போராடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போராடு. இன்னொன்று, 2011-இல் ஒரு பக்கமும் 2012-இல் மறுபக்கமும் தனித்தனியாக அடி வாங்கின. இரண்டும் சேர்ந்து 2007-லேயே "பட்டியல் போடாமல் லோகோ மாற்றாதே" என்று நின்றிருந்தால்? பக்கத்து வரிசைக்காரனை முறைக்கிற நேரத்தில் வரிசையைக் கலைத்தவனை யாருமே பார்க்கவில்லை.

நம் நாட்டு அரசு கம்பெனி, அப்படித்தான் இருக்கும் என்று உடனே ஒரு சலிப்பு வரும். அமெரிக்காவைப் பாருங்கள். 2005-இல் அமெரிக்கா வெஸ்ட் என்ற கம்பெனியும் யூ.எஸ். ஏர்வேஸும் இணைந்தன. கிழக்கு பைலட்டுகள் வயதில் மூத்தவர்கள், பலர் ஆட்குறைப்பில் வெளியே இருந்தவர்கள். அவர்கள் கேட்டது சேர்ந்த தேதி. மேற்கு பைலட்டுகள் இளைஞர்கள், வளர்கிற கம்பெனியிலிருந்து வந்தவர்கள். அவர்கள் கேட்டது, இணைப்பு நாளில் அவரவர் பட்டியலில் எந்த உயரத்தில் இருந்தார்களோ அதே உயரம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் தலைவலி. 2007-இல் நிக்கோலாவ் என்ற நடுவர் தீர்ப்பு சொன்னார், கிழக்கு ஏற்கவில்லை. எண்ணிக்கையில் அவர்கள் அதிகம் என்பதால் 2008-இல் ஓட்டுப் போட்டுப் பழைய சங்கத்தையே மாற்றிவிட்டார்கள். அப்புறம் கோர்ட், கோர்ட், கோர்ட். விமானங்களில் எல்லாம் ஒரே பெயர்தான் எழுதியிருக்கும், ஆனால் கிழக்கு பைலட்டும் மேற்கு பைலட்டும் பல வருஷங்கள் ஒரே காக்பிட்டில் சேர்ந்து பறக்கவில்லை. நடுவில் அந்தக் கம்பெனியே அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு இணைந்து, கடைசிப் பட்டியல் வந்தது 2016-இல்.

அதே நாட்டில் 2008-இல் டெல்டாவும் நார்த்வெஸ்ட்டும் இணைந்தன. இணைப்பு முடிவதற்கு முன்பே பைலட்டுகளோடு பொது ஒப்பந்தம் போட்டார்கள். அக்டோபர் கடைசியில் இணைப்பு, டிசம்பர் மாதமே நடுவர்கள் கொடுத்த பட்டியல் கையில். எல்லாருக்கும் அது இனித்திருக்காது, இருந்தாலும் விமானம் பறந்தது. ஆக முடியாத காரியம் ஒன்றும் கிடையாது. முதலில் செய்கிறாயா, கடைசியில் செய்கிறாயா என்பதுதான் விஷயம்.

விஸ்தாரா கதைக்கு வந்தால், 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடா கைக்குப் போனது, விஸ்தாராவை அதில் இணைப்பதாக நவம்பரில் அறிவித்தார்கள். 2024-இல் வந்த புது ஒப்பந்தத்தில், மாதம் 70 மணி நேரத்துக்கு இருந்த உத்தரவாதச் சம்பளம் 40 மணி நேரம் ஆனது. கூடுதலாகப் பறந்தால் கூடுதல் காசு என்று விளக்கம் சொன்னார்கள். கடன் தவணை கட்டுகிற துணை விமானிக்கு 'பறந்தால்' என்ற வார்த்தை எப்படிக் கேட்டிருக்கும்? பைலட்டுகள் பற்றாக்குறையில் விமானங்கள் ரத்தாகி, கடைசியில் கம்பெனியே தினசரி 25, 30 விமானங்களைக் குறைத்துக்கொண்டது. நவம்பர் 12-இல் இணைப்பு முடிந்தபோது தண்ணீர் பீய்ச்சி வரவேற்பு, போட்டோ எல்லாம் ஜோர்.

இதற்கும் திருவள்ளூர்க்காரன் உனக்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்பவர்கள் நம்ம மாவட்டத்து கேட்டுகளைப் பாருங்கள். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் மண் அள்ளும் இயந்திர ஆலை கேட்டர்பில்லர் கைக்குப் போனது. 1998-இல் மிட்சுபிஷி லான்சர் வந்த ஆலையிலிருந்து 2021-இல் சிட்ரோயன் வந்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் போர்டு மாறுவதை எல்லாம் யாரும் எண்ணுவதுகூட இல்லை. எங்கள் தெருவில் ஒரு அண்ணன், பெயர் வேண்டாம், கம்பெனி பெயரும் வேண்டாம். 14 வருஷ சர்வீஸ். கம்பெனி கை மாறியதும் புது டோக்கன் நம்பர் கொடுத்தார்கள். சம்பளம் ஒரு ரூபாய் குறையவில்லை. ஆனால் நைட் ஷிஃப்ட்டுக்கு யார், லைனில் சூப்பர்வைசர் யார் என்று வரும்போது, போன வருஷம் சேர்ந்த பையன் அவருக்கு மேலே. "காசு கொறையலையே, அப்புறம் என்னண்ணே?" என்று கேட்டால் பதில் சொல்லாமல் சிரிப்பார்.

1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறு சட்டத்தில் 25எஃப்எஃப் என்று 2025 வரை ஒரு பிரிவு இருந்தது. கம்பெனி கை மாறினால் தொழிலாளியின் சர்வீஸ் அறுபடக்கூடாது, நிபந்தனைகள் மோசமாகக்கூடாது, அப்படி ஆனால் நஷ்ட ஈடு என்றது. நல்ல பிரிவுதான். பழைய 14 வருஷத்தை அது காப்பாற்றியது. அந்த 14 வருஷக்காரர் புது வரிசையில் எங்கே நிற்பார் என்பதற்கு அதில் ஒரு வார்த்தை இருந்ததில்லை. அமெரிக்காவில் 2001-இல் டி.டபிள்யூ.ஏ. ஊழியர்களை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பட்டியலின் அடியில் கொண்டுபோய் ஒட்டிய கூத்துக்குப் பிறகு, 2007-இல் மெக்காஸ்கில்-பாண்ட் என்று ஒரு சட்டமே போட்டார்கள். விமான கம்பெனிகள் இணைந்தால் சீனியாரிட்டி பட்டியலை நியாயமாகச் சேர்க்க வேண்டும், ஒத்துவரவில்லை என்றால் நடுவரிடம் போக வேண்டும் என்று. அந்தச் சட்டம் அங்கே வந்த அதே வருஷம்தான் இங்கே விமானங்களுக்குப் புது பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள்.