ஒசாகாவில் இருந்தபடி கோலாலம்பூருக்கு வேலை: கதவு யாருக்குத் திறந்திருக்கிறது?

மடிக்கணினியோடு ஜப்பானுக்குப் போய், இங்குள்ள நிறுவனத்துக்கு அங்கிருந்தே வேலை செய்ய முடியுமா? கணினித் துறையில் இருக்கும் நம் இளையோர் பலரின் கேள்வி இது. முடியும். 2024 மார்ச் இறுதியில் ஜப்பான் இதற்கென்றே தனி விசாவை அறிமுகப்படுத்தியது. மலேசிய, சிங்கப்பூர் கடப்பிதழ் வைத்திருப்போரும் விண்ணப்பிக்கலாம்.

சிக்கல் வருமானத்தில்தான். ஆண்டுக்கு 1 கோடி யென் சம்பாதிக்க வேண்டும். அதாவது மாதம் 20,000 ரிங்கிட்டுக்கும் மேல். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உள்ள நாட்டில் இதை எட்டக்கூடியவர் எத்தனை பேர்? ஒப்பிட்டுப் பார்த்தால், மலேசியா 2022இல் தொடங்கிய டிஇ ரந்தாவ் திட்டம் தொழில்நுட்பத் துறையினரிடம் கேட்பது ஆண்டுக்கு 24,000 அமெரிக்க டாலர்தான். நம் கதவு அகலம், அவர்கள் கதவு குறுகல்.

அந்தத் தகுதி இருந்தாலும் தங்க முடிவது ஆறே மாதம். நீட்டிக்க முடியாது. மீண்டும் விண்ணப்பிக்க, ஜப்பானை விட்டு வெளியேறி ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தலைவலியைப் பலர் கவனிப்பதில்லை. இந்த விசாவில் வருவோருக்குக் குடியிருப்பு அட்டை கிடையாது. ஜப்பானில் அந்த அட்டை நம் மைகாட் போல; அது இல்லாமல் வங்கிக் கணக்குத் திறப்பதும் கைப்பேசி ஒப்பந்தம் போடுவதும் கடினம். வழக்கமான வாடகை வீடும் எளிதில் அமையாது. அங்கே ஒப்பந்தம் பெரும்பாலும் ஈராண்டுக்கானது; முன்பணம், உத்தரவாதம், பல இடங்களில் வீட்டுக்காரருக்குத் திருப்பித் தராத 'நன்றிப் பணம்' என்று செலவு நீளும். ஆகவே மாத வாடகை அறை, பகிர்வு இல்லம் ஆகியவையே வழி. தோக்கியோவை விட ஒசாகாவில் வாடகை குறைவு என்பது ஓர் ஆறுதல். சுவர் மெல்லியதாக இருந்தால் இரவு நேர இணையக் கூட்டத்துக்கு அண்டை வீட்டார் முகம் சுளிப்பார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

நேரம் மட்டும் நமக்குச் சாதகம். ஜப்பான் நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னே. இங்கே காலை 9 என்றால் அங்கே 10. லண்டன் நிறுவனத்துக்கு வேலை செய்பவருக்கோ நாள் மாலையில்தான் தொடங்கும்.

மருத்துவமும் சொந்தப் பொறுப்பு. ஜப்பானின் தேசியக் காப்புறுதியில் சேர முடியாது. 1 கோடி யென் அளவுக்குச் சிகிச்சையை ஈடுகட்டும் தனியார் காப்புறுதி கட்டாயம். துணைவரையும் பிள்ளைகளையும் அழைத்துச் செல்லலாம், ஆனால் அவர்களுக்கும் அதே காப்புறுதி வேண்டும்.

இன்னொன்று. இந்த விசாவில் ஜப்பானிய நிறுவனத்தில் வேலைக்குச் சேர முடியாது. தொழிற்சாலை, உணவகம், முதியோர் பராமரிப்பு வேலைகளுக்கான விசாக்கள் வேறு. 'நோமாட் விசா எடுத்துப் போங்கள், அங்கே வேலை தேடிக்கொள்ளலாம்' என்று எந்த முகவராவது சொன்னால், அவரிடம் பணம் கொடுப்பதற்கு முன் குடிநுழைவு விதியைக் காட்டச் சொல்லுங்கள்.