உக்ரேன் போரும் அமெரிக்க வீட்டு மேசையும்: வெடிமருந்துத் தட்டுப்பாடு சொல்லும் சேதி

அமெரிக்கர் ஒருவர் தன் வீட்டு மேசையில் இருந்தபடி ரைபிள் ரவை செய்யும் காணொளி ஒன்றை அண்மையில் பார்த்தேன். அவர் கையில் இருந்தது, பாக்குவெட்டி போல இரண்டு பிடிகள் கொண்ட சிறிய அழுத்துகருவி. ஏற்கெனவே சுட்ட பித்தளைக் கோதை அதில் வைத்து அழுத்துகிறார். வெடித்தபோது விரிந்த கோது பழைய அளவுக்கு வருகிறது. பிறகு அடியில் புதிய பிறைமர், உள்ளே மருந்து, வாயில் சன்னம். அங்கே இது சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. வேட்டைக்குப் போவோரும் இலக்குச் சுடுவோரும் செலவைக் குறைக்கச் செய்கிறார்கள்.

எனக்கு எங்கள் வளவுதான் ஞாபகத்துக்கு வந்தது. மீள்குடியேறித் துப்பரவாக்கியபோது மண்வெட்டியில் முதலில் அகப்பட்டவை வெற்றுக் கோதுகள். பழைய இரும்பு வாங்க வந்தவர் காந்தம் பிடித்துப் பார்ப்பார். ஒட்டினால் இரும்பு விலை, ஒட்டாவிட்டால் பித்தளை விலை. அந்தச் சில ரூபாய்களுக்காக மண்ணைக் கிண்டப்போய் வெடிக்காத பொருட்களில் கைவைத்து உறுப்பிழந்தவர்கள் வன்னியில் இருக்கிறார்கள்.

அந்த அமெரிக்கரிடம் கோதும் இருக்கிறது, கருவியும் இருக்கிறது. அண்மைய ஆண்டுகளில் தட்டுப்பட்டது மருந்துதான். ரைபிள் ரவைக்கும் எறிகணையைத் தள்ளும் மருந்துக்கும் அடிப்படை ஒன்றே: பருத்தி இழையிலிருந்து செய்யும் நைத்திரோ செலுலோஸ். ரைபிள் ரவை ஒன்றுக்கு ஏறக்குறைய 3 கிராம் போதும். 155 மில்லிமீற்றர் பீரங்கி நெடுந்தூரம் சுட 10 கிலோவுக்கு மேலும் வேண்டியிருக்கும். அளவில் பார்த்தால் அது மூவாயிரத்துக்கு மேற்பட்ட ரவைகளுக்கான மருந்து.

2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு வருடத்தில் 10 லட்சம் எறிகணைகளை உக்ரேனுக்குத் தருவதாகச் சொன்னது. தவணை முடிந்தபோது ஏறக்குறைய பாதியே போயிருந்தது. மருந்துப் பற்றாக்குறை முக்கிய காரணங்களில் ஒன்று. உற்பத்தியைப் பெருக்க ஒதுக்கிய 500 மில்லியன் யூரோவில் பெரும்பகுதியை வெடிபொருளுக்கும் மருந்துக்குமே கொடுத்தார்கள். அப்போது அமெரிக்காவின் பெரிய ரவை நிறுவனமாக இருந்த விஸ்ரா அவுட்டோர், உலகளாவிய மருந்துத் தட்டுப்பாட்டைக் காரணங்காட்டி 2024 ஆரம்பத்திலிருந்து விலையை உயர்த்தியது.

தட்டுப்பாடு ஒருநாள் தீரும். புதிய ஆலைகள் இயங்கும், உக்ரேனிலும் துவக்குகள் ஓயும். அப்போது அந்த ஆலைகள் உற்பத்தி செய்வது எங்கே போகும் என்பதே என் கேள்வி. பனிப்போர் முடிந்தபோது தேங்கிய ஆயுதங்களும் ரவைகளும் ஆபிரிக்காவின் போர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. பெரிய நாடுகளின் மிச்சம் சின்னச் சனங்களின் மேல் விழும் என்பதை எங்களுக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

இதைத் தடுக்க இருக்கும் ஏற்பாடு பலவீனமானது. ஐ.நா. பொதுச்சபை 2023 டிசம்பரில் ரவைகள் பற்றிய உலகளாவிய சட்டகம் ஒன்றை ஏற்றுக்கொண்டது. உற்பத்தியிலிருந்து அழிப்பு வரை ரவைகளைப் பாதுகாப்பாகப் பேணுவதும், அவை வழிதவறிப் போகாமல் தடுப்பதும் அதன் நோக்கம். ஆனால் அதற்குச் சட்டக் கடப்பாடு இல்லை. விரும்பிய நாடு விரும்பிய அளவு செய்யலாம்.

பெரும்பாலான இராணுவ ரவைகளின் கோதின் அடியில் தொழிற்சாலைக் குறியும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். ரவை எங்கே பிறந்தது என்பதை ஆய்வாளர்கள் அதைக்கொண்டே தேடுகிறார்கள். கோதுக்கு மீண்டும் மருந்து நிரப்பினால் பழைய குறி அப்படியே இருக்கும், உள்ளிருப்பது வேறாகிவிடும். எங்கள் கோதுகளுக்கு அதுகூட நடக்கவில்லை. குறியை எவரும் எழுதிவைக்காமலே நாங்கள் அவற்றை நிறைக்கு விற்றுவிட்டோம். சுட்டது யார் என்று ஜெனீவாவில் வருடாவருடம் கேட்கிறோம். ரவையை விற்றது யார் என்ற கேள்வியையும் அதோடு சேர்த்துக் கேட்க வேண்டும்.