நற்கருணையும் வாக்குச் சீட்டும்

கருக்கலைப்பு பெரும் பாவம் என்பதில் கத்தோலிக்கத் திருச்சபைக்குத் தடுமாற்றம் இல்லை. அந்தப் போதனையைக் கொண்டு அரசியல்வாதிகளை எப்படி அளப்பது என்பதில்தான் சிக்கல். கருக்கலைப்பு உரிமையை ஆதரித்ததற்காக, அமெரிக்க நாடாளுமன்றப் பிரதிநிதிகள் அவைத் தலைவராக இருந்த நான்சி பெலோசிக்கு நற்கருணை மறுக்கப்படும் என 2022 மே மாதம் சான்பிரான்சிஸ்கோ பேராயர் அறிவித்தார்.

மரண தண்டனையை ஏற்க முடியாது என்று திருச்சபை 2018-இல் தன் மறைக்கல்வி நூலையே திருத்தியது. அதை ஆதரிக்கும் கத்தோலிக்கத் தலைவர்கள் மீது ஆயர்கள் இதே கடுமையைக் காட்டவில்லை. இரண்டு தீமைகளும் சம எடையுள்ளவை அல்ல என்பது அவர்கள் வாதம். இறையியலில் அதற்கு இடமுண்டு. ஆனால், பொதுவெளியில் அது கட்சிச் சார்பாகவே தெரிகிறது.

கருக்கலைப்பை எதிர்த்துக்கொண்டே மரண தண்டனையை ஆதரிப்பவர் உண்மையில் உயிரைக் காப்பவர் அல்லர் என்று 2025 செப்டம்பரில் போப் லியோ சொன்னது இதனால்தான் முக்கியமாகிறது. ஆயர்கள் அரசியல்வாதிகளாக அன்றி மேய்ப்பர்களாக இருக்க வேண்டும் என்று 2021-இல் போப் பிரான்சிஸும் அறிவுறுத்தியிருந்தார்.

திருச்சபை தன் போதனையைக் கைவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. ஒரு கட்சிக்கு மட்டும் நீளும் பிரம்பு, அறத்தின் குரலாக ஒலிக்காது. இக்கட்டில் நிற்கும் கர்ப்பிணியின் காதில் அது தேர்தல் முழக்கமாகவே விழும்.