சிறுவர் கண்ணுக்குக் காவல் யார்?

படுவான்கரையில் வேளாண்மை விளையும் காலத்தே, யானைக்கும் பன்றிக்கும் அஞ்சி இரவெல்லாம் பரணிலே விழித்திருக்கும் மக்கள் நாம். கதிருக்குக் காவல் வைக்கத் தெரிந்த நமக்கு, அதே இரவில் நம் வீட்டுக் குழந்தை எதனைக் கண்டுகொண்டிருக்கின்றது என்பது தெரியுமா? களுவாஞ்சிக்குடியிலும் அயலூர்களிலும் தந்தையர் வயலிலே, தாயர் அடுக்களையிலே, பிள்ளைகள் தொலைக்காட்சியின் முன்னே. திரையில் குருதி கொப்பளிக்கின்றது. அரிவாள் வீசுபவனே வீரனாகின்றான். எட்டு வயதுப் பாலகன் கண்கொட்டாது பார்த்திருக்கின்றான்.

இப்படங்களிற் பெரும்பாலானவை பிறக்கும் இந்திய நாட்டிலே சட்டம் உறங்கிவிடவில்லை. 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டம் ‘யாவர்க்கும்’, ‘வளர்ந்தோர்க்கு மட்டும்’ என்று முதலில் இரு வகையே கண்டது. பெற்றோர் வழிகாட்டலுடன் சிறுவர் காணத்தக்கவை என்ற வகை பின்னர் சேர்ந்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வகையினை 7, 13, 16 என மூன்று வயதுப் படிகளாக்கியது. வளர்ந்தோர்க்கான படம் தொலைக்காட்சிக்கு வரவேண்டுமாயின் தனிச் சான்று வேண்டும் என்றும் விதித்தது. ‘கூலி’ படத்துக்கு அளித்த வளர்ந்தோர் சான்றினை மாற்றுமாறு தயாரிப்பாளர் தொடுத்த வழக்கினைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது.

நம் நாட்டு நிலை யாது? பொதுக் காட்சிகளை ஒழுங்குசெய்யும் கட்டளைச் சட்டம் 1912இல், பேசும் படம் பிறக்கு முன்னரே, இயற்றப்பட்டது. அது கொட்டகை வாயிலைக் காக்கப் பிறந்த சட்டம். 1979இல் தொலைக்காட்சி வந்தபோது கொட்டகையே வீட்டினுட் புகுந்தது. இன்று கைத்தொலைபேசி வாயிலாக அது குழந்தையின் படுக்கைக்கே வந்துவிட்டது. வாயில் இல்லாத கொட்டகைக்கு வாயிற்காவலன் எதற்கு?

1991இல் இலங்கை ஏற்றுறுதி செய்த சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 17ஆம் உறுப்புரை, தீங்கு பயக்கும் செய்திகளிலிருந்து சிறுவரைக் காக்கும் நெறிகள் உருவாவதை ஊக்குவிக்குமாறு அரசைப் பணிக்கின்றது. 18ஆம் உறுப்புரை, பிள்ளையை வளர்க்கும் முதற் பொறுப்புப் பெற்றோருடையதே என்கின்றது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. சிறுவர் பெயரைச் சொல்லி வளர்ந்தோரின் வாயை அடைக்கும் தணிக்கையை நாம் கேட்கவில்லை. 1997இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தமைக்குக் காரணம், அச்சபைக்குச் சுதந்திரம் இன்மையே. அப்பாடத்தை எவரும் மறத்தலாகாது. தடுப்பது வேறு, தரம் பிரித்து அறிவிப்பது வேறு. நாம் வேண்டுவது பின்னதே.

ஆகவே, அமைச்சரின் விருப்புக்கு ஆடாத சுதந்திரமான சபை ஒன்று வயதுக்குறி வழங்கட்டும். அக்குறியும், அதற்குரிய காரணமும் தமிழ் நிகழ்ச்சிகளுக்குத் தமிழிலேயே, படம் தொடங்கு முன் தெளிவாகத் தோன்றட்டும். தமிழ் அரசகரும மொழியாயிருக்கும் நாட்டில் இது சலுகையன்று, உரிமை.

குறி மட்டும் பிள்ளையை வளர்த்துவிடாது என்பதையும் அறிவோம். முன்னாளிற் கூத்துக் களரியிலே போரும் கொலையும் வந்தன. ஆனால் பிள்ளையின் அருகே பாட்டனார் இருந்தார், பொருள் சொன்னார். இன்று அவ்விடம் வெறுமையாய்க் கிடக்கின்றது. சட்டத்தை அரசிடம் கேட்போம். அவ்விடத்தை நாமே நிரப்புவோம். வேலி கட்டியவன் உறங்கிவிட்டால் விளைச்சல் வீடு வந்து சேராது.