கொல்லிமலைச் சாமையும் நகரத்துத் தட்டும்

வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகள் பலவற்றில் இன்று மரவள்ளி நிற்கின்றது. அக்கிழங்கை மலைமக்கள் தாம் உண்ணற்கென்று நட்டாரல்லர். சேலம், நாமக்கல் பகுதிகளின் சவ்வரிசி ஆலைகள் அதனை வாங்குகின்றன. ஆலையினின்று புறப்படும் சவ்வரிசி மராட்டியம் முதலிய வடபுலங்களில் நோன்புநாள் உணவாகின்றது. கிழங்கு விற்ற காசில் மலைக்குடி அரிசி வாங்கி உலையேற்றுகின்றது. ஒரு மலையின் விளைச்சலுக்கும் அம்மலையின் வயிற்றுக்கும் இடையிலிருந்த தொடர்பு இவ்வாறு அற்றது. இதனை மலையின் தனிக்கதையென்று தள்ளுதல் கூடாது. வளரும் நாடுகள் எங்கணும், கையில் காசும் அருகில் நகரமும் வந்தவிடத்து நிகழ்வது இதுவே.

தமிழ்நாட்டில் நகர வாழ்நர் 1991-இல் நூற்றுக்கு 34 பேர். 2011-இல் 48 பேர். நகரத்தான் விளைத்துண்பவன் அல்லன்; வாங்கியுண்பவன். அவன் விரும்புவதை வணிகன் தேடுகின்றான். வணிகன் தேடுவதை உழவன் விதைக்கின்றான். 1956-இல் இந்திய அரசு அமெரிக்காவுடன் செய்த உடன்பாட்டின்வழிக் கோதுமை கப்பல் கப்பலாக வந்திறங்கிற்று. இன்று, கோதுமை விளையாத மண்ணின் விருதுநகர் பரோட்டாவாற் பெயர் பெற்றிருக்கின்றது! செக்கெண்ணெய் மணந்த நாட்டின் உணவகங்களில், இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் பிழிந்த செம்பனை எண்ணெய் கொதிக்கின்றது.

சிறுகூலங்களை மக்கள் கைவிட்டமைக்குச் சுவை மட்டும் கரணியமன்று. களியும் கூழும் ஏழைமையின் அடையாளம். நெற்சோறு மதிப்பின் அடையாளம். பொங்கலுக்கும் திருமணத்துக்கும் மட்டுமே நெற்சோறு கண்ட வீடுகள், அது நாள்தோறும் கிடைத்தபோது அள்ளியுண்டது பிழையாகுமா? 2008-இல் கிலோ ஓர் உருபாவுக்கும், 2011 முதல் விலையின்றியும் பங்கீட்டுக் கடையில் வழங்கப்பட்ட அரிசி பசியை விரட்டியது. அதனை இகழ்வார் பசியறியாதார்.

இன்னொன்றும் உண்டு. சாமையின் உமி எளிதில் நீங்குவதன்று. அதனை நீக்க உலக்கை பிடித்துத் தோள் ஓய்ந்தவர் பெண்டிரே. பழையவுணவின் பெருமையை மேடைதோறும் முழங்கும் ஆடவருள் அவ்வுலக்கையைத் தொட்டவர் எத்துணைப் பேர்? நெல்லுக்கு ஊர்தோறும் ஆலை வந்தது, சாமைக்கு வரவில்லை. உரலைவிட்டு எழுந்த பெண்ணைக் குறைகூற எவர்க்கும் உரிமையில்லை. பின்னாளில் எம்.எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலைச் சிற்றூர்களில் உமிநீக்கும் பொறிகளை அமைத்தது. அதற்குள் சரிவுகள் பல பயிர்மாறிவிட்டன.

விளைவு என்ன? 2019–21-ஆம் ஆண்டுக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 அகவைப் பெண்டிருள் நூற்றுக்கு 40 பேர் மிகையெடை உடையர். 53 பேர் குருதிச்சோகை உடையர். வயிறு நிறைந்தும் குருதி நிறையவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் துணையோடு நிகழ்ந்து 2023-இல் வெளிவந்த ஆய்வோ, நாடு முழுவதும் 10 கோடிப் பேர்க்கு நீரிழிவு உண்டென்றும், அது சிற்றூர்களில் நூற்றுக்கு 9 பேரையும் நகரங்களில் 16 பேரையும் பற்றியுள்ளதென்றும் கூறுகின்றது.

இப்பொழுது மருத்துவர் சொல்ல, நகரத்துச் செல்வர் தினையைத் தேடுகின்றனர். அது பளபளக்கும் உறைக்குள் ‘மில்லட்டு’ என்னும் பெயர்பூண்டு, அரிசியினும் மிகுந்த விலைக்குப் பேரங்காடியில் அமர்ந்திருக்கின்றது. தினையென்று பெயர்சொல்லிக் கேட்டால் விற்பவர் விழிக்கின்றார்! விளைத்தவன் தட்டில் தீட்டிய வெள்ளரிசி. அவனை முன்பு எள்ளியவன் தட்டில் தினை.

ஒன்றிய நாடுகள் அவை 2023-ஐச் சிறுகூல ஆண்டென அறிவித்தது. அவ்வாண்டில் தமிழக அரசு தருமபுரி, நீலகிரி மாவட்டங்களின் பங்கீட்டுக் கடைகளில் 2 கிலோ அரிசிக்கு மாற்றாகக் கேழ்வரகு வழங்கத் தொடங்கியது. தருமபுரி, கிருட்டிணகிரி உழவரிடம் நேரே கொள்முதலும் செய்தது. நல்ல தொடக்கமே. ஆயினும் இரண்டு கிலோவால் ஒரு குடும்பத்தின் உலை எத்தனை நாள் கொதிக்கும்? சாமைக்கும் தினைக்கும் வரகுக்கும் அதில் இடம் எங்கே? நெல்லுக்கு உள்ளதுபோன்ற கொள்முதல் நிலையமும், உமிநீக்கும் ஆலையும் அவை விளையும் ஊர்களிலேயே அமைதல் வேண்டும்; பள்ளிச் சத்துணவிலும் அவை இடம்பெறல் வேண்டும். மரவள்ளிக்கு ஆலைக்காரர் காத்திருப்பதுபோல், சாமைக்கும் கட்டுபடியாகும் விலையோடு ஒருவர் அடிவாரத்திற் காத்திருப்பாராயின், அடுத்த மழைக்கு எதை விதைப்பதென்று கொல்லிமலை உழவர்க்கு எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை.