உறைபனி நிலத்தில் ஓர் உழவு வாழ்வு



“ஆடிப்பட்டம் தேடி விதை” என்னும் பழமொழியை அறியாத உழவர் நம்மிடையே இல்லை. பருவம் பார்த்து விதைப்பதும், பருவம் தவறினால் விளைச்சல் குன்றும் என அஞ்சுவதும் நம் முன்னோர் விட்டுச்சென்ற அறிவு. எனினும் நம் நாட்டில் கதிரவன் நம்மை ஒருபோதும் கைவிடுவதில்லை. மார்கழித் திங்களின் மிகக் குறுகிய பகல்கூடத் தமிழகத்தில் பதினொரு மணி நேரத்துக்குக் குறைவதில்லை. நீர் மட்டும் கிடைத்துவிட்டால் எத்திங்களிலும் ஏதேனும் ஒரு பயிரை நாம் விளைவித்துக்கொள்ளலாம்.

வடதிசை நாடுகளின் நிலை வேறு. அங்கே நீர் இருந்தும் பயன் இல்லை. அது பனிக்கட்டியாகக் கிடக்கும். மண் இருந்தும் பயன் இல்லை. மண்வெட்டி இறங்காதவாறு அது கல்லாக இறுகிவிடும். அத்தகைய நிலத்தில், செயற்கை உரமும் பூச்சிமருந்தும் இன்றி, கடையை நம்பாமல், பருவங்களோடு இசைந்து ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் உண்டு வாழ இயலுமா? இயலும் என்று காட்ட முனைந்த சிலரின் வரலாற்றை இத்திங்கள் நம் பகுதியில் காண்போம்.

நகரை விட்டுச் சென்ற இருவர்

அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் ஸ்காட் நியரிங் 1883-ஆம் ஆண்டில் பிறந்தவர். குழந்தைகளை ஆலைகளில் வேலைக்கு அமர்த்துவதைக் கண்டித்துப் பேசி வந்த அவர், 1915-ஆம் ஆண்டில் பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பணியிலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் போரை எதிர்த்ததால் வேறு கதவுகளும் அவருக்கு அடைபட்டன. நாடெங்கும் பொருளாதார வீழ்ச்சியில் தத்தளித்த 1932-ஆம் ஆண்டில், வயலின் இசை பயின்ற ஹெலன் என்னும் துணைவியுடன் அவர் வெர்மாண்ட் மாநிலத்து மலைப்பகுதியில் ஒரு பாழ்பட்ட பண்ணையை வாங்கிக் குடியேறினார். அப்போது அவருக்கு வயது 49.

இருபது ஆண்டுகள் அங்கு வாழ்ந்தபின் 1952-ஆம் ஆண்டில் அவர்கள் மெய்ன் மாநிலக் கடற்கரையில் ஹார்பர்சைடு என்னும் ஊருக்கு இடம்பெயர்ந்தனர். 1954-இல் தங்கள் வாழ்க்கை முறையை விளக்கி அவர்கள் எழுதிய நூல், பின்னாளில் ஆயிரக்கணக்கான இளைஞரைக் கிராமங்களை நோக்கித் திருப்பிற்று. ஸ்காட் 1983-ஆம் ஆண்டில் தம் நூறாவது வயதில் மறைந்தார். தொண்ணூறு வயதைத் தொட்ட காலத்திலும் மனைவியோடு சேர்ந்து புதிய கல் வீடொன்றைக் கட்டும் பணியில் அவர் ஈடுபட்டிருந்தார் என்றால், அவ்வாழ்வு அவருக்குத் தந்த உடல் உரத்தை நாம் உணரலாம்.

நம் நாட்டிலிருந்து சென்ற அறிவு

செயற்கை உரமின்றி மண்ணை வளப்படுத்தும் முறை மேலைநாட்டாருக்கு எங்கிருந்து கிடைத்தது? அதன் வேர்களில் ஒன்று நம் நாட்டில் உள்ளது. ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கில வேளாண் அறிஞர் 1905-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்தார். இந்நாட்டு உழவருக்குக் கற்பிக்க வந்தவர், அவர்களிடமே கற்கத் தொடங்கினார். இலை தழை, வைக்கோல், சாணம், மண் ஆகியவற்றை அடுக்கடுக்காக இட்டு, ஈரமும் காற்றும் படச் செய்து மக்க வைக்கும் முறையை இந்தூர் நகரில் ஆராய்ந்து செம்மைப்படுத்தினார். ‘இந்தூர் முறை’ என்றே அது உலகெங்கும் பெயர் பெற்றது. 1940-இல் அவர் வெளியிட்ட நூல் இயற்கை வேளாண்மைக்கு ஓர் அடிப்படை நூலாயிற்று.

கால்நடை வளர்க்காத நியரிங் தம்பதியர், இலை, களை, வைக்கோல், கடற்கரையில் ஒதுங்கும் கடற்பாசி ஆகியவற்றைக் கொண்டே உரக்குவியல் அமைத்தனர். நாம் குப்பை என்று கொளுத்திவிடும் பொருள்களே அவர்களுக்கு உணவாகித் திரும்பின.

ஆண்டின் நான்கு வாயில்கள்

அவர்களுடைய ஆண்டு, பனி உருகத் தொடங்கும் பிப்ரவரி, மார்ச் திங்களில் மேப்பிள் மரத்தோடு தொடங்கும். இரவில் உறைந்து பகலில் உருகும் அந்தச் சில வாரங்களில் மட்டுமே அம்மரத்தில் இனிய நீர் ஊறி வடியும். மரத்தில் சிறு துளையிட்டு, குழாய் செருகி, வாளியில் அதைச் சேர்ப்பர். நம் பனையிலிருந்து பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுவோர் இதன் உழைப்பை எளிதில் அறிவர். ஏறத்தாழ 40 லிட்டர் நீரை விறகடுப்பில் சுண்டக் காய்ச்சினால் ஒரு லிட்டர் பாகு கிடைக்கும். மரம் துளிர்க்கத் தொடங்கியதும் அந்த நீரின் சுவை கெட்டுவிடும். பின்னர் அடுத்த ஆண்டுதான். வெர்மாண்டில் வாழ்ந்தபோது அப்பாகும் சர்க்கரையுமே அவர்களுக்குக் காசு தந்த விளைபொருள்கள்.

வசந்தத்தில், பனிக்கு அடியில் மண்ணுக்குள் குளிர்காலத்தைக் கழித்த பார்ஸ்னிப் என்னும் வெண்ணிறக் கிழங்கைத் தோண்டி எடுப்பர். அதன்பின் கீரைகள், அதன்பின் பட்டாணி. மே மாத இறுதி வரை உறைபனி இளம் பயிரைக் கருக்கிவிடக்கூடும் என்பதால், தக்காளி போன்ற மென்மையான செடிகளை அதற்கு முன் வெளியே நடத் துணியமாட்டார்கள்.

கோடையில் பகல் பதினைந்து மணி நேரத்துக்கும் மேல் நீளும். பயிர் கண்முன்னே வளரும். ஓய்வுக்கு நேரமிராது.

இலையுதிர் காலமோ சேமிப்பின் காலம். உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, கேரட், பீட்ரூட், ஆப்பிள் யாவும் நிலவறைக்குள் சேரும். மண்ணுக்கு அடியில் அமைந்த அந்த அறை, உறைநிலைக்குச் சற்று மேலான குளிரும் ஈரமும் கொண்டது. மின்சாரமின்றியே வசந்தம் வரை காய்களைக் கெடாமல் காக்கும். அக்டோபரில் பூண்டை நட்டு, வைக்கோலால் மூடிவிடுவர். அது பனியின் கீழ் உறங்கி, அடுத்த ஜூலையில் அறுவடைக்கு வரும். குளிரை அனுபவித்தால்தான் பூண்டு நன்கு பருத்துப் பல் பல்லாகப் பிரியும். போதிய குளிரின்றி ஆப்பிள் மரம் ஒழுங்காகப் பூக்காது. நாம் பகை எனக் கருதும் குளிரே அவற்றுக்குத் தாய்.

குளிர்காலம் விறகு வெட்டவும், கருவிகளைச் செப்பனிடவும், படிக்கவும், எழுதவும் உரியது. நாளொன்றில் நான்கு மணி நேரம் உணவுக்கான உழைப்பு, நான்கு மணி நேரம் அறிவுப்பணி, நான்கு மணி நேரம் பிறரோடு கூடிவாழ்தல் என்று அவர்கள் தங்கள் பொழுதைப் பகுத்துக்கொண்டனர்.

பத்து மணி நேர வெளிச்சம்

1968-ஆம் ஆண்டில் நியரிங் தம்பதியர் தங்கள் நிலத்தில் அறுபது ஏக்கரை, ஏக்கர் 33 டாலர் என்னும் மிகக் குறைந்த விலைக்கு எலியட் கோல்மன் என்னும் இளைஞருக்கு விற்றனர். அவர் ஒரு புதிய கேள்வி எழுப்பினார்: குளிர்காலத்தில் சேமித்ததை உண்பது மட்டும்தானா? பசுமையாகப் பறித்து உண்ண வழி இல்லையா?

வரைபடத்தை நோக்கிய அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. மெய்ன் கடற்கரை வழியே செல்லும் 44-ஆம் அட்சக்கோடு பிரான்சின் தென்பகுதி வழியாகவும் செல்கிறது. இரு நிலங்களுக்கும் கிடைக்கும் வெளிச்சம் ஒன்றே. குளிர் மட்டுமே வேறு. ஆகவே குளிரை மட்டும் தடுத்தால் போதும். நெருப்பு மூட்டாமலே, வெளியே ஒரு பிளாஸ்டிக் கூடாரம், அதனுள் செடிகளின் மேல் மெல்லிய துணிப்போர்வை என இரு மூடாக்குகளை அமைத்தார். ஒவ்வொரு மூடாக்கும் தோட்டத்தை 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்தியதற்கு ஒப்பாகும் என்பது அவர் கணக்கு.

ஆனால் குளிரை வென்றாலும் வெளிச்சத்தை வெல்ல முடியாது. பகல் பத்து மணி நேரத்துக்குக் குறைந்தால் செடியின் வளர்ச்சி ஏறத்தாழ நின்றுவிடும். அவ்விடத்தில் நவம்பர் தொடக்கத்திலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை அந்நிலைதான். ஆகவே குளிர்காலத்தில் உண்ணவேண்டிய கீரையை ஆகஸ்டு, செப்டம்பர் திங்களிலேயே விதைத்து, நவம்பருக்குள் வளர்த்து முடித்துவிட வேண்டும். அதன்பின் செடி வளராது, கெடாமல் காத்திருக்கும். தேவைப்படும்போது பறித்துக்கொள்ளலாம். குளிரைத் தாங்குவதற்காகச் செடி தன்னிடமுள்ள மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்வதால், அக்குளிரில் விளைந்த கேரட் கோடைக் கேரட்டினும் இனிக்கும்.

அப்பகுதியின் பழைய உழவர்களிடம் ஒரு வழக்கு உண்டு. பிப்ரவரி 2-ஆம் நாள், அதாவது ஆண்டவரைக் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த விழாவன்று, விறகிலும் வைக்கோலிலும் பாதி மீதம் இருக்கவேண்டும் என்பதே அது. கதிரவன் திரும்பிவிட்டான் என்று மகிழ்ந்து கையிருப்பைச் செலவிட்டுவிடாதே, குளிர் இன்னும் பாதி இருக்கிறது என்னும் எச்சரிக்கை அதில் அடங்கியுள்ளது. மெழுகுதிரிகளை ஏந்தி நாம் கொண்டாடும் அத்திருநாள், அவர்களுக்குக் களஞ்சியத்தை அளந்து பார்க்கும் நாளாகவும் இருந்தது.

மறைக்கலாகாத மறுபக்கம்

இவ்வாழ்வை ஒரு பூங்காவாக மட்டும் வருணிப்பது நேர்மையாகாது. நியரிங் தம்பதியர் முற்றிலும் தம் கையுழைப்பால் மட்டுமே வாழவில்லை. மரபுரிமையாக வந்த பணமும் அவர்களுக்குத் துணைநின்றது என்பதை அருகே வாழ்ந்த ஒருவர் 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினார். அவர்களைக் காணவந்த இளைஞர் பலரின் கைகளும் அச்சுவர்களை எழுப்ப உதவின. அந்நூலை மட்டும் நம்பிக் கைப்பொருளின்றிக் காட்டுக்குச் சென்ற பலர், சில ஆண்டுகளில் மனம் தளர்ந்து திரும்பினர்.

கோல்மன் குடும்பத்துக்கு நேர்ந்ததோ அதினும் துயரம். 1976-ஆம் ஆண்டில் அவர்களுடைய மூன்று வயது மகள் பண்ணையில் இருந்த குளத்தில் மூழ்கி இறந்தாள். அதன்பின் அக்குடும்பமே சிதறிற்று. மூத்த மகள் மெலிசா 2011-இல் எழுதிய நூலில், கோடை உழைப்பின் ஓயாத அழுத்தத்தையும் பெற்றோரின் களைப்பையும் கசப்பின்றி, ஆனால் மறைக்காமல் கூறியுள்ளார். கோல்மன் பல ஆண்டுகள் வேறிடங்களில் பணிசெய்து, பின்னர் அதே நிலத்துக்குத் திரும்பியே தம் குளிர்காலத் தோட்டத்தை முழுமையாக்கினார்.

மண்ணைப் பேணுவது நன்று. ஆனால் மண்ணைப் பேணும் கைகளுக்குள் குழந்தையைப் பேணவும் நேரம் எஞ்ச வேண்டும். எந்த உயர்ந்த கொள்கையும் இல்லத்தினும் பெரிதாகிவிடக் கூடாது.

நம் இல்லங்களுக்கு

நாம் மெய்ன் மாநிலத்து உழவரைப் போலக் கூடாரம் அமைக்கத் தேவையில்லை. எனினும் அவர்கள் வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத்தக்கவை உள. அந்தந்தப் பருவத்தில் விளைவதை அந்தந்தப் பருவத்தில் உண்ணலாம். அது மலிவானதும் சத்துள்ளதும் ஆகும். சமையலறைக் கழிவையும் சருகையும் கொல்லையின் ஒரு மூலையில் மக்க வைக்கலாம். அது ஹோவர்டு நம் உழவரிடம் கற்று உலகுக்கு அளித்த முறையே. எல்லாவற்றுக்கும் மேலாக, இருள் வருமுன்னே விதைக்கும் முன்னறிவைக் கற்கலாம். வெளிச்சம் குன்றியபின் எதையும் வளர்க்க முடியாது; முன்னரே வளர்த்து வைத்ததைக் காத்துக்கொள்ளத்தான் முடியும். பயிருக்கு மட்டுமன்று, பிள்ளைகளின் நல்லொழுக்கத்துக்கும், கணவன் மனைவியரிடையே வளரும் நம்பிக்கைக்கும், முதுமைக்கெனச் சேர்க்கும் சிறு சேமிப்புக்கும் இது பொருந்துமன்றோ?

உங்கள் இல்லத்தின் கோடை இப்பொழுது நடந்துகொண்டிருக்குமானால், விதைக்கத் தாமதியாதீர்கள்.