எர்த் என்ற ஒரு சொல்லும் மூன்று கம்பிகளும்

பெங்களூரின் மின்பணியாளர்கள் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி என எம்மொழியில் பேசினாலும் பச்சைக் கம்பிக்கு ஒரே பெயர்தான்: எர்த். மொட்டைமாடியில் சூரிய மின்தகடு ஏறும்போது இந்த ஒற்றைச் சொல் வெவ்வேறு பணிகளை மறைத்துவிடுகிறது. உலோகத்தை மண்ணோடு சேர்ப்பது புவித்தொடுப்பு. அருகருகே உள்ள உலோகப் பகுதிகளை ஒன்றோடொன்று சேர்த்து, அவற்றிடையே மின்னழுத்த வேறுபாடு எழாமல் காப்பது பிணைப்பு. பெயர் ஒன்றானதால் பருமனும் ஒன்றே போதும் என்று முடிவாகிவிடுகிறது.

2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டம், 3 கிலோவாட் வீட்டமைப்புக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. பெஸ்காம் எல்லையில் விண்ணப்பிக்கும் வீட்டுக்காரர் பேனலின் வாட் அளவையும் இன்வெர்ட்டரின் நிறுவனத்தையும் துருவிக் கேட்கிறார். 'எர்த்திங்' என்ற வரியை மட்டும் கேள்வியின்றிக் கடந்துவிடுகிறார்.

இன்வெர்ட்டரிலிருந்து வீட்டுக்குள் செல்லும் மாறுமின்னோட்டப் பக்கத்தில் கணக்கு தெளிவானது. ஐ.எஸ். 3043 தரும் சூத்திரப்படி, பழுது மின்னோட்டத்தை, அது துண்டிக்கப்பட ஆகும் வினாடியின் வர்க்கமூலத்தால் பெருக்கி, கம்பிக்குரிய மாறிலியால் வகுக்க வேண்டும். பி.வி.சி. உறையிட்ட தனிச் செம்புக் கம்பிக்கு மாறிலி 143. ஆயிரம் ஆம்பியர் 0.1 வினாடி பாய்ந்தால் விடை 2.2, கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 2.5 சதுர மி.மீ. இங்கே அச்சம் வெப்பம் பற்றியது.

பேனல் பக்கத்தில் அந்த அச்சமே பொருந்தாது. 540 வாட் பேனல் ஒன்றைக் குறுக்குச்சுற்றாக்கினாலும் 14 ஆம்பியர் அளவே வரும். வெப்பக் கணக்கை மட்டும் நம்பினால் மிக மெல்லிய கம்பியே போதுமென்றாகும். ஆயினும் ஐ.இ.சி. 62548 சட்டகங்களின் புவித்தொடுப்புக்குக் குறைந்தது 6 சதுர மி.மீ. செம்பு கேட்கிறது. வெயிலிலும் மழையிலும் கால்நூற்றாண்டு அறுபடாமல் கிடக்க வேண்டிய கம்பி அது. மேலும், இவ்வளவு சிறிய மின்னோட்டத்தில் பியூஸ் எரியாது. இன்வெர்ட்டரின் காப்புச் சோதனை எச்சரிக்காவிட்டால் பழுது நெடுநாள் மறைந்தே நிற்கும்.

மூன்றாவது, மின்னல். ஏப்ரல், மே மாத இடிமழை பெங்களூருக்குப் புதிதன்று. மின்னல் காப்பமைப்போடு சட்டகங்கள் இணையும் இடத்தில் 16 சதுர மி.மீ. செம்பு வேண்டும். அதுவும் நேராக, குறுகியதாக. ஒரு மீட்டர் கம்பியின் தூண்டம் ஏறத்தாழ ஒரு மைக்ரோஹென்றி. மைக்ரோவினாடிக்கு 10,000 ஆம்பியர் வீதம் மின்னோட்டம் உயர்ந்தால் அந்த ஒரு மீட்டரிலேயே 10,000 வோல்ட் எழும். பருமனை இரட்டித்தாலும் இது சிறிதே குறையும். மீந்த கம்பியை அழகாகச் சுருட்டிக் கட்டிவைப்பது இந்தக் கணக்கில் தீங்கே.

லால்பாக் பாறையைப் பார்த்தவர்களுக்கு இவ்வூரில் புவித்தொடுப்புக் குழியின் தடையைக் குறைப்பது ஏன் பாடு என்பது புரியும். அதனாலேயே கவனமும் பணமும் குழிக்கே போகின்றன. மின்னலுக்கு ஒன்று, நேர்மின்னோட்டத்துக்கு ஒன்று, மாறுமின்னோட்டத்துக்கு ஒன்று எனக் குழி தோண்டி, மூன்றையும் இணைக்காமல் விடுவதைப் பாதுகாப்பு என்று சொல்வது தவறு. மின்னல் இறங்கும் கணத்தில் குழிகளிடையே எழும் மின்னழுத்த வேறுபாடு முழுவதையும் தாங்க இடையில் நிற்பது இன்வெர்ட்டர்தான்.

பேனல்களுக்கு முன்பே இந்நகரின் மாடிகளில் குடியேறியவை சூரிய வெந்நீர்க் கலன்கள். கலனின் இரும்புத் தாங்கியும் பேனல் சட்டகமும் கையெட்டும் தூரத்தில் நின்றால் அவை ஒன்றோடொன்று பிணைக்கப்பட வேண்டும். துணி உலர்த்த வருபவரின் இரு கைகளும் இரண்டையும் ஒரே நேரத்தில் தொடக்கூடும்.

பணி முடித்து ஒப்படைக்கும் தாளில் 'எர்த்' என்ற ஒரு வரிக்குப் பதிலாக மூன்று கம்பிகளின் பருமனும் அதற்கான காரணமும் தனித்தனியே இருக்க வேண்டும். சட்டகத்துக்குச் சட்டகம் அளந்த தடையும் வேண்டும். அலுமினியச் சட்டகத்தின் மேல்பூச்சு மின்கடத்தாதது. அதைக் கீறும் பல்வாஷரும் வெள்ளீயம் பூசிய முனையும் இல்லாமல் முடுக்கினால், 16 சதுர மி.மீ. கம்பியும் வெறும் அலங்காரமே.